மாத்திரைக்கு ரவுண்டு இல்லை

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டரும், மலைக்குக் கீழே ஊரில் இருந்த என் அம்மாவுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் போட்ட கடிதமும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாயே வராது. அப்படிப்பட்டவள் இத்தனை பக்கம் எழுதுகிறாளே என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் மாமனாரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் இந்தத் துணிச்சல்.

நான் அவர்களை அத்தை, மாமா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேரும் ஒரே எஸ்டேட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். அத்தைக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. மாமாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில், கொழுந்தைக் காயவைக்கிற ட்ரையர் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை. ரிட்டயர் ஆனதும் எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் கட்டபெட்டில் ரோட்டுக்குக் கீழே ஒரு சின்ன வீட்டை வாங்கினார்கள். நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளையும் அவர்களோடுதான் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் காய்கறி ஏற்றுகிற பிக்கப் வண்டி ஓட்டுகிறார். வண்டி தவணையில் எடுத்தது.

நான் கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் அத்தை என்னைப் பார்த்து, "ஏ அம்மிணி, வாய ஊர்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அதிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒறம்பரை சொந்தங்களிடம் எல்லாம், "எங்க மருமக நெம்ப நல்லவ, சத்தம் வராத ரேடியோ" என்று சொல்லுவார். எனக்குக் கோபம் வந்ததில்லை. அத்தை பேசுகிற பேச்சுக்கு வீட்டில் ஒருத்தராவது பேசாமல் இருந்தால்தான் சரிப்படும்.

எல்லாம் ஒரு மார்கழிச் சாயங்காலம் ஆரம்பித்தது. அன்றைக்கு நல்ல குளிர். மாமா வழக்கம்போல இரும்புச் சட்டியில் கரி நெருப்புப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சட்டியின் விளிம்பில் வைத்திருந்தார். ஃபேக்டரியில் அடுப்புக்கு முன்னால் நின்றே காலம் கழித்தவர். நெருப்பு இல்லாமல் அவருக்கு இருக்க முடியாது.

அத்தை திடீரென்று மூக்கைச் சுளித்தார். "ஏனுங்க, என்னமோ தீயற வாசம் வருதே?"

"அடுப்புல ஏதாச்சும் வெச்சிருப்ப. போய்ப் பாரு."

"அடுப்பு அணைஞ்சு கெடக்குதுங்க."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான்தான் முதலில் பார்த்தேன். மாமாவின் வலது கால் கட்டைவிரல் சட்டிக்குள் கரியின் மேல் இருந்தது. "மாமா, காலு!" என்று கத்திவிட்டேன். அவர் குனிந்து, அது யாருடைய கால் என்று யோசிப்பவர்போலப் பார்த்தார். பிறகு மெதுவாக எடுத்துக்கொண்டார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"ட்ரையர் அடுப்புல வெந்த காலு புள்ள இது. இந்தச் சட்டி நெருப்பு என்ன பண்ணும்?" என்று பெருமையாகச் சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை.

விரல் கொப்பளித்து, உடைந்து, புண்ணாயிற்று. மஞ்சளும் எண்ணெயும் வைத்துப் பார்த்தார்கள். தை பிறந்தும் ஆறவில்லை. வாடை வர ஆரம்பித்ததும் அத்தை மாமாவைக் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினார். கூட நானும் போனேன். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா மாமாவுக்குச் சர்க்கரை மிக அதிகமாக இருக்கிறது என்றார். ரொம்ப நாளாகவே இருந்திருக்க வேண்டும், அதனால்தான் காலில் உணர்ச்சி போயிருக்கிறது, சூடு தெரியவில்லை என்றார். மாமா பெருமைப்பட்ட விஷயம் ஒரு நோயாக மாறிப்போயிற்று.

டாக்டரம்மா அத்தையைப் பார்த்து, "நீங்களும் பாத்துக்குங்கம்மா" என்றார்.

"எனக்கென்னங்க, நான் கல்லு மாதிரி இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினார் அத்தை. பார்த்தால் அவருக்கும் சர்க்கரை. கையில் பட்டை சுற்றிப் பார்த்தார்கள். ரத்தக் கொதிப்பும் இருந்தது. ஒரே காலையில் இரண்டு பேரும் நோயாளிகளாக வெளியே வந்தார்கள். படியிறங்கும்போது அத்தை சொன்னார்: "கல்லுலயும் சக்கரை இருக்குதாமா அம்மிணி."

டாக்டரம்மா சொன்னதை நான் அப்படியே மனதில் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிற மாத்திரையை இரண்டு பேரும் தினமும் போட வேண்டும். அதோடு இன்னொரு மாத்திரை, இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான், வெளியே கடையில் வாங்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் புண் ஆறும். இறங்கவில்லை என்றால் மாமாவின் விரலை எடுத்துவிட வேண்டியதுதான். விட்டால் மேலே ஏறிக் காலையே கேட்கும்.

மருந்துக் கடைக்காரர் விலையைச் சொன்னார். ஒரு அட்டை மாத்திரையின் விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வார மளிகை வந்துவிடும். அத்தை சுருக்குப் பையைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடி, மறுபடி திறந்தார். "ஒரு அட்டை குடுங்க" என்றார்.

"ரெண்டு பேருக்கு எழுதியிருக்குதுங்களே அம்மா?"

"இன்னொண்ணு அப்பறம் வந்து வாங்கிக்கறனுங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பென்ஷன் வந்ததும் வாங்கிக்கொள்வார் என்று. பென்ஷன் என்று பெயர்தானே தவிர, அது வருகிற அளவைப் பார்த்தால் மாத்திரைக் கடைக்காரர்கூடப் பரிதாபப்படுவார்.

வீட்டில் சாப்பாடு மாறிற்று. எங்களுக்குப் பெரிய கஷ்டம் டீதான். அத்தை போடுகிற டீயில் சர்க்கரை பாதி, டீ பாதி இருக்கும். அதை நிறுத்திய முதல் நாள் மாமா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இத்தன காலமா நாம இதையா வேக வெச்சு அனுப்புனோம்? சக்கரை இல்லாம குடிச்சாத்தான் தெரியுது, தூளு எவ்வளவு மோசம்னு" என்றார். அதன்பிறகு தினமும் ஒரு வாய் குடித்துவிட்டு, இது வேகாத தூள், இது கருகின தூள் என்று சொல்ல ஆரம்பித்தார். இழந்ததை நினைத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளாமல் அதிலும் ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் புண் ஆறவில்லை. மாசியில் டாக்டரம்மா வரச்சொன்ன நாளில் மூன்று பேரும் பஸ் ஏறினோம். நான் முன் சீட்டிலும் அவர்கள் பின் சீட்டிலும் உட்கார்ந்திருந்தோம். வண்டி வளைவில் திரும்பும்போது மாமா கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏ புள்ள, இன்னிக்கு நான் கடை மாத்திரை போட்டனா?"

"இன்னிக்கு என்ற ரவுண்டுங்க. உங்களுக்கு நேத்தே ஆச்சு."

"டாக்டரு ரத்தம் எடுக்கற நாளாச்சே. இன்னிக்கு எனக்கே போட்டிருக்கலாமில்ல?"

"ரவுண்டு மாத்துனா அப்பறம் எல்லாம் தப்பிப் போயிரும். பேசாம வாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். "அத்தை, என்ன ரவுண்டு?"

தேயிலைக்காரர்களுக்கு ரவுண்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்றைக்கு ஒரு தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்தால் நாளைக்கு அங்கே கை வைக்க மாட்டார்கள். செடி மறுபடி துளிர்க்கட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். எல்லாக் காடும் சுற்றி முதல் காட்டுக்குத் திரும்பி வந்தால் ஒரு ரவுண்டு. ரவுண்டைத் தவறவிட்டாலும் கெடுதல், அவசரப்பட்டாலும் கெடுதல். அத்தையின் ஆயுள் முழுக்க அந்தக் கணக்கில் போயிருக்கிறது.

"தெனமும் கிள்ளுனா செடி என்னத்துக்கு ஆவும்?" என்றார் அத்தை. "ஒடம்பும் அப்படித்தான். ஒரு நாள் அவியளுக்கு, ஒரு நாள் எனக்கு. நடுவுல ஒரு நாள் உட்டாத்தான் மருந்து நின்னு புடிக்கும். அட்டையும் ஒண்ணே போதும்." பிறகு முன்னால் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "டாக்டரம்மாகிட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத அம்மிணி. அவிய படிச்சவிய. ஒடம்பு நம்முளுது."

அத்தை சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் டாக்டரம்மா தினமும் என்று சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

ரத்தம் பார்த்தாயிற்று. இரண்டு பேருக்கும் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டரம்மா மாமாவின் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"மாத்திரை தெனமும் போடறீங்களா?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தார். "போடறமுங்க" என்றார்.

"அப்ப இது பத்தல. டோஸை ரெண்டு மடங்கு ஆக்கறேன். ஊசியும் ஆரம்பிச்சிடலாம். விரலை இனிமே வெச்சிருக்க வேண்டாம். ஊட்டிக்கு எழுதித் தர்றேன், அங்க சர்ஜன் பாத்து எடுத்துடுவாரு."

பேனாவை எடுத்துவிட்டார். மாமா தன் காலைப் பார்த்தார். மாமாவின் முகத்தில் பயம் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தையின் கை அவர் தோளைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் அத்தை உண்மையைச் சொல்லவில்லை. ஒரு சொல் சொன்னால் போதும், ஆனால் அந்தச் சொல்லோடு சுருக்குப் பையையும் திறந்து காட்ட வேண்டி வருமே. அது அவரால் முடியவில்லை.

"டாக்டர்" என்று ஒரு குரல் வந்தது. அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. "அவிய ரெண்டு பேரும் ஒரே அட்டையத்தான் பங்கு போட்டுக்கறாங்க. ஒரு நாள் உட்டு ஒரு நாள்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்றீங்க?"

நான் மறுபடி சொன்னேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுகிறவர் இல்லை அவர். நிமிர்ந்து நின்று, கொழுந்துக் காட்டையும் ரவுண்டையும் டாக்டரம்மாவுக்கு விளக்கமாகச் சொன்னார். திருடினவர்போல இல்லை, ஒரு முறைப்படி நடந்தவர்போலவே சொன்னார்.

டாக்டரம்மா கடைசிவரை கேட்டார். திட்டவில்லை. "அம்மா, தேயிலை நாள் விட்டாத்தான் துளிர்க்கும். சக்கரை அப்படி இல்லம்மா. நீங்க சாப்பிடற ஒவ்வொரு வேளைக்கும் ஏறுது. மாத்திரை இல்லாத நாள்ல அது சும்மா இருக்காது. அதான் புண்ணு ஆறல" என்றார்.

அத்தை யோசித்தார். அதற்குள் மாமா வாய் திறந்தார்.

"எனக்கு அப்பவே தோணுச்சுங்க. ட்ரையர் அடுப்ப ஒரு நாள் எரிச்சு ஒரு நாள் அணைச்சா தூளு உருப்படுமா? ஒரே சீராத் தீ நிக்கோணும்."

"தோணுச்சுன்னா அப்பவே சொல்றதுக்கு என்னங்க?" என்று திரும்பினார் அத்தை.

"நீ எங்க சொல்ல உட்ட?"

"நான் உடாட்டி? ஃபேக்டரில அத்தன பேரு முன்னால சூப்பர்வைசர எதுத்துப் பேசுனவிய தானுங்க நீங்க!"

"சூப்பர்வைசரு சாயங்காலம் ஆனா அவரு ஊட்டுக்குப் போயிருவாரு. நீ அப்படியா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊட்டிக்கு எழுத எடுத்த தாளை டாக்டரம்மா ஓரமாக வைத்தார். டோஸைக் கூட்ட வேண்டாம், ஊசியும் வேண்டாம், இரண்டு பேரும் தினமும் போடட்டும், விரலைச் சித்திரை வரைக்கும் பார்க்கலாம், நடுவில் கருத்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றார். அதே மருந்து வேறு கம்பெனியில் விலை குறைவாக வருகிறது என்று அதை எழுதிக்கொடுத்தார். தினமும் கண்ணாடி வைத்துக் கால் அடியைப் பார்க்கச் சொன்னார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கட்டபெட்டில் இறங்கிப் படியில் நடக்கும்போதுதான், முன்னால் போனவர் திரும்பாமலே சொன்னார்:

"இத்தன வருசமாப் பேசாதவ, பேசறதுக்கு உனக்கு வேற எடமே கெடைக்கலயா?"

"தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை."

"வெரலு தங்குச்சுன்னா உனக்கு ஒரு பொடவ. தங்கலீன்னா அப்பறம் பேசிக்கறேன்."

விலை குறைந்த மருந்தானாலும் இப்போது இரண்டு அட்டை வேண்டும். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தது. அவருக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? நான் செத்தா போயிட்டேன்?"

"உன்ற வண்டிக்கு நீ டியூ கட்டறயில்ல? எங்க வண்டிக்கு நாங்க கட்டிக்கறோம்" என்றார் அத்தை. பிறகு, ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட குரலில் சொன்னார்: "மேல ஊட்டுத் தோட்டத்தம்மா கொழுந்துக்கு ஆள் இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருக்கறாங்க. நாளையிலிருந்து போறேன்."

மேல் வீட்டுத் தோட்டத்தம்மா என்பது ரோட்டுக்கு மேலே கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிற படுகர் வீட்டு அம்மா. அத்தைக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் ரிட்டயர் ஆனபிறகு கூலிக்குப் போவதா என்று என் வீட்டுக்காரர் கொதித்தார்.

"ஊர்ல என்ன பேசுவாங்க? பையன் சம்பாதிக்கறான், அம்மாள கூலிக்கு அனுப்பறான்னு பேசமாட்டாங்க?"

"பேசறவிய யாராச்சும் மாத்திரை அட்டை வாங்கித் தருவாங்களான்னு கேட்டுட்டு வா. தர்றதா இருந்தா நான் ஊட்டுலயே இருக்கறேன்."

என் வீட்டுக்காரர் வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். மறுநாளிலிருந்து காலையில் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் மாமாவை ஆஸ்பத்திரியில் இறக்கிக் கட்டு மாற்ற வைத்துக் கூட்டிவருவது அவர் வேலையாயிற்று. அதற்கு மட்டும் அத்தை சம்மதித்தார்.

அப்படித்தான் அத்தை மறுபடி கொழுந்துக்குப் போனார். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும். பச்சைக்கு நடுவில் அவர் தலைத்துண்டு மட்டும் மெல்ல நகரும். இரண்டு கைகளும் செடியின் மேல் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், அந்தக் கைகளுக்குச் சர்க்கரையும் கொதிப்பும் இருப்பதாக யாரும் சொல்லமாட்டார்கள். சனிக்கிழமை கூலி வாங்கியதும் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மருந்துக் கடைக்குப் போவார். இரண்டு அட்டைகளையும் மாமாவின் மடியில் போட்டு, "இந்தாங்க, உங்க கொழுந்து, என்ற கொழுந்து" என்பார். தோட்டத்தில் கூடப் பறிக்கிறவர்களிடமும் அவர் சும்மா இருக்கவில்லை. கால் மரத்துப் போகிறது என்று சொன்ன ஒருத்தியை விரட்டி விரட்டி ரத்தம் பார்க்க அனுப்பினார்.

அத்தை வெளியே போனதும் அடுப்படி மாமாவுக்கு வந்தது. எனக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை. காலையிலேயே கிளம்பிவிடுவேன். அதுவரை அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், காலில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கேஸ் அடுப்பின் முன்னால் நின்றார். ஷூ இல்லாமல் அடுப்புக்கிட்டே போகக்கூடாது என்பது அத்தை போட்ட கட்டளை. "இதெல்லாம் ஒரு தீயா?" என்று கேஸைத் திட்டிக்கொண்டே கேழ்வரகுக் களி கிண்டுவார். அத்தைக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொடுப்பார். முதலில் கட்டி கட்டியாக இருந்தது. அத்தை டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து, "தோட்டத்துல ஒரு கல்லு வேலி சரிஞ்சு கெடக்குதுங்க, இதக் கொண்டு போய் வெச்சுக் கட்டலாம்" என்றார். மாமா விடவில்லை. பங்குனிக்குள் அவர் களி என்னுடைய களியைவிட நன்றாக வந்தது.

கரி நெருப்புச் சட்டி கொல்லைக்குப் போயிற்று. அத்தை அதில் புதினா வைத்தார். குளிருகிற சாயங்காலங்களில் மாமா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது காலைப் பெரட்டு. எஸ்டேட்டில் வேலைக்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். குளிரோ மழையோ, பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது. "காலம் பூரா எனக்குப் பெரட்டு போட்டாங்க. இனி நான் போடறேன்" என்று அத்தை ஆரம்பித்தார். வாசல் வெளிச்சத்தில் மாமா நாற்காலியில் உட்கார வேண்டும். அத்தை கீழே பலகை போட்டு உட்கார்ந்து, கையில் முகம் பார்க்கிற கண்ணாடியோடு, கூப்பிடுவார்.

"எடது காலு!"

"ஆஜருங்க."

விரலிடுக்கு, குதிகால், அடிப்பாதம் எல்லாம் பார்ப்பார். கண்ணாடியை அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு சின்ன முள் கீறல் இருந்தாலும் விசாரணை நடக்கும்.

"வலது காலு!"

"இன்னிக்கு லீவுங்க மேஸ்திரி."

"லீவெல்லாம் கெடையாது. நீட்டுங்க."

அது முடிந்ததும் அத்தையின் கால்களை மாமா பார்க்க வேண்டும். அதற்கு அத்தை கூச்சப்படுவார். "போதும் போதும், எல்லாம் இருக்குது" என்று சேலையை இழுத்துவிட்டுக்கொள்வார். மாமா விடமாட்டார். பிறகு ஒரே சொம்புத் தண்ணீரில் இரண்டு பேரும் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். ஒருத்தர் விழுங்குவதை மற்றவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் தீராத நோய் வந்துவிட்டது. கையில் காசு இல்லை. யாரிடமும் போய் நிற்கவும் மனம் இல்லை. அந்த நிலையில் அழுதிருக்கலாம், ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லியிருக்கலாம். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை, வேலை செய்கிற முறையை, எடுத்து உடம்புக்குப் போட்டார்கள். ரவுண்டில் தவறிப்போனார்கள். பெரட்டில் சரியாக வந்தார்கள்.

புண் மெதுவாகச் சுருங்கியது. ஆனால் பங்குனியில் ஊர்க் கோயில் திருவிழா வந்தது. கோயிலுக்குள் ஷூவோடு எப்படிப் போவது என்று மாமா யாருக்கும் சொல்லாமல் வெறுங்காலோடு போய் நின்றுவிட்டு வந்தார். மறுநாள் பெரட்டில் விரல் ஓரம் கருத்திருந்தது.

அத்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, தன் முந்தானையால் அந்தக் காலைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மாமா, "சாமிய எப்படிப் புள்ள செருப்போட கும்புடறது?" என்றார் மெதுவாக.

"சாமி தேருல ஏறி நம்ம ஊட்டு வாசலுக்கே வருதுங்க. அப்பக் கும்புட்டுக்கலாமில்ல? போன வெரலு வாசலுக்கு வருமா?"

அன்றைக்கு அத்தை தோட்டத்துக்குப் போகவில்லை. டாக்டரம்மா கருத்த தோலை வெட்டி எடுத்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் தன்னிடம் வர வேண்டாம், நேராக ஊட்டிக்குப் போங்கள் என்றார். மாமா அதன்பிறகு குளிக்கிற நேரமும் தூங்குகிற நேரமும் பெரட்டும் தவிர ஷூவைக் கழற்றியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சித்திரையில் அந்த நாள் வந்தது. மாமா மேசையில் படுத்திருந்தார். டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். அழுத்திப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், இரண்டு பேரின் ரத்தமும் என்ன சொல்கிறது என்று பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"விரல் இருக்கும்" என்றார்.

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினார். அவ்வளவுதான். மாமா எழுந்து உட்கார்ந்து, "அப்ப மாத்திரைய நிறுத்திறலாங்களா?" என்று கேட்டார்.

"அது ஆயுசு பூரா, ஐயா. ரெண்டு பேருக்கும்."

"ரிட்டயர் ஆன பின்னாடி கெடச்ச வேலைங்க. இதுக்கு ரிட்டயர்மெண்ட் இல்லீங்களா?"

"பெர்மனென்ட் ஆயிட்டீங்கன்னு சந்தோசப்படுங்க" என்றார் அத்தை.

அத்தைக்கும் சர்க்கரை இறங்கியிருந்தது. கண்ணை ஒரு தடவை பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அத்தை அதற்கும் தலையாட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை முன்னால் அத்தை நின்றார். "பொடவைக்கு இப்பக் காசு இல்ல அம்மிணி. வாயத் தொறந்ததுக்கு இன்னிக்கு ஒரு வடை. பொடவ பின்னால வரும்" என்றார். பிறகு கடைக்காரரிடம், "சக்கரை இல்லாம மூணு டீ குடுங்க" என்றார். எனக்குச் சர்க்கரை வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படியே குடித்தேன். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, தூள் நன்றாக வெந்திருக்கிறது என்றார்.

மறுநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் கொழுந்து பறிப்பு இல்லை. அத்தை வீட்டுக்குள்ளேயே விளக்கைப் போட்டுப் பெரட்டு எடுத்தார். கால்கள் எல்லாம் ஆஜர். இரண்டு பேரும் மாத்திரை போட்டுக்கொண்டார்கள். மாமா உப்புமா கிண்டினார். நான் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.